புதிர்ப் பூட்டைத் திறந்தவர்

கோவையிலிருந்து பாலக்காடு பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களா? கோவையைத் தாண்டியதும் போத்தனூர் என்ற பழைய ஜங்ஷன் வரும். அந்தப் போத்தனூரில் 1881-ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலோ-ஐரிஷ் குடும்பத்தில் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. பெயர் எதெல் சாரா ஸ்டோனி. அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் பெரிய இன்ஜினியர். அந்தக் குழந்தை வளர்ந்து, திருமணமாகி, இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். மூத்தவர் ஜான், நம் குன்னூரில் பிறந்தவர். இளையவர்தான் இந்த வாரம் நாம் தெரிந்துகொள்ளப் போகும் ஆலன் டூரிங்.

யார் இந்த டூரிங்? கம்ப்யூட்டர் என்ற இயந்திரம் பிறப்பதற்கு முன்பே, அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிய கணித மேதை. அது மட்டுமா? யாராலும் திறக்கவே முடியாது என்று ஹிட்லரின் படை நம்பியிருந்த ஒரு ரகசியப் பூட்டைத் திறந்தவர்களில் முதன்மையானவர். இன்று அப்பாவின் செல்போனுக்கும், பள்ளிக் கம்ப்யூட்டருக்கும் நாம் போடுகிறோமே பாஸ்வேர்டு, அதை எப்படிப் போடக் கூடாது என்பதற்கு இவர் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஆலனின் அப்பா ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இப்போது ஒடிசாவில் இருக்கும் சத்ரபூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே கணவருடன் இருந்த அம்மா, பிரசவத்துக்காக இங்கிலாந்து போனார். 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி லண்டனில் ஆலன் பிறந்தான். நம் ஊர் வெயில் ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அதனால் ஒன்றேகால் வயதுக் குழந்தையையும் அவன் அண்ணனையும் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுவிட்டு அம்மா இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அதன் பிறகு அம்மாவையும் அப்பாவையும் பார்ப்பது விடுமுறையில் அவர்கள் வந்தால்தான். அம்மா பக்கத்துத் தெருவுக்குப் போனாலே முகம் வாடும் வயது அது!

ஆனால் ஆலன் சுட்டிப் பையன். யாரும் சொல்லித் தராமல், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்றே வாரத்தில் தானாகப் படிக்கக் கற்றான். எழுத்தைவிட எண் மீது ஆசை அதிகம். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று, அதன் எண்ணைப் படித்துவிட்டுத்தான் நகர்வானாம். பத்து வயதில், ஒவ்வொரு குழந்தையும் அறிய வேண்டிய இயற்கை அதிசயங்கள் பற்றிய ஒரு புத்தகம் அவன் கைக்குக் கிடைத்தது. உடம்பும் ஒரு வகை இயந்திரம்தான் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரி அவன் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

1926-ஆம் ஆண்டு, 13 வயதில், ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளியில் சேர வேண்டும். பிரான்சிலிருந்து கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கினால், நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் இல்லை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஒரு வாரம் லீவு கிடைத்தது என்று குதிப்போம். ஆலன் தன் சைக்கிளை எடுத்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, சுமார் 100 கிலோமீட்டர் தனியாக மிதித்து, பள்ளி வாசலில் போய் நின்றான். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியே வந்துவிட்டது.

இப்படி ஆர்வமாகப் போய்ச் சேர்ந்தவனைப் பள்ளி கொண்டாடியதா? இல்லை. அவன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். சட்டையெல்லாம் மைக்கறை. லத்தீன் மொழியில் நாட்டமில்லை. கணக்கில் விடை சரியாக இருக்கும், வழிமுறை எழுதியிருக்க மாட்டான். இப்படி ஒரு விடைத்தாள் கைக்கு வந்தால் ஆசிரியருக்குத் தலைவலிதான், என்னைக் கேளுங்கள்! இவன் வெறும் விஞ்ஞானி ஆக நினைத்தால் இந்தப் பள்ளியில் காலத்தை வீணாக்குகிறான் என்ற பொருளில் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு எழுதினார். அந்த வெறும் விஞ்ஞானியோ 16 வயதில் ஐன்ஸ்டீனின் சார்பியல் புத்தகத்தைப் படித்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

பள்ளியில் அவனுக்குக் கிடைத்த ஒரே உயிர்த் தோழன் கிறிஸ்டோபர் மார்க்கம். இருவரும் வானியல், வேதியியல், கணக்கு என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ்டோபர் திடீரென்று இறந்துபோனான். சிறு வயதில் குடித்த பாலில் இருந்த கிருமியால் வந்த காசநோய். ஆலன் உடைந்துபோனான். பிறகு, நண்பன் செய்ய நினைத்ததையும் சேர்த்துத் தான் செய்ய வேண்டும் என்று மனதில் உறுதி எடுத்துக்கொண்டு படிப்பில் இறங்கினான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படித்தார். 22 வயதிலேயே அங்கு ஆய்வாளர் பதவி. 1936-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் அல்ல; உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதருக்குத்தான் அந்தப் பெயர்! அந்த மனிதர் என்ன செய்கிறார்? காகிதத்தில் ஒரு குறியைப் பார்க்கிறார், விதியை நினைத்துக்கொள்கிறார், அழிக்கிறார் அல்லது எழுதுகிறார், அடுத்த கட்டத்துக்குப் போகிறார். இதை ஓர் இயந்திரம் செய்யக் கூடாதா என்று கேட்டார் டூரிங். கட்டளைகளை மாற்றிக் கொடுத்தால் ஒரே இயந்திரம் எந்தக் கணக்கையும் போடும் என்றும் நிரூபித்தார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கிறீர்கள், படம் வரைகிறீர்கள், கணக்கும் போடுகிறீர்கள். மூன்றுக்கும் மூன்று பெட்டியா வாங்கினீர்கள்? இல்லையே! மென்பொருளைத்தானே மாற்றுகிறீர்கள்? அந்த எண்ணம்தான் இது.

பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1938-ல் நாடு திரும்பினார். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. 3-ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. 4-ஆம் தேதி டூரிங் லண்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பிளெட்ச்லி பார்க் என்ற பழைய மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கே வேலை, என்ன வேலை என்று அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. அங்கே நடந்தது, எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை.

இப்போது அந்தப் பூட்டைப் பார்ப்போம். அதன் பெயர் எனிக்மா. புதிர் என்று அர்த்தம். மரப்பெட்டிக்குள் டைப்ரைட்டர் போல இருக்கும். விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், மேலே உள்ள சிறு விளக்குகளில் வேறோர் எழுத்து ஒளிரும். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சக்கரம் ஒரு பல் நகரும். அதனால் இப்போது ஏ என்று தட்டினால் கே வரும். மறுபடியும் ஏ தட்டினால் எம் வரலாம். இன்னொரு முறை தட்டினால் வேறு ஏதோ! செய்தியைப் பெறுபவர், தன் எனிக்மாவிலும் சக்கரங்களை அதே நிலையில் வைத்துத் தட்டினால் மூலச் செய்தி வந்துவிடும். அந்த நிலை என்ன என்பதுதான் சாவி. அந்தச் சாவியும் நாள்தோறும் நள்ளிரவில் மாறிவிடும்.

எத்தனை சாவிகள் இருக்க முடியும்? தாளும் பென்சிலும் எடுங்கள். ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து வரிசையாக வைக்க 5 × 4 × 3, அதாவது 60 வழிகள். மூன்று சக்கரத்திலும் தலா 26 எழுத்து; 26 × 26 × 26 = 17,576 வழிகள். இதோடு முன்பக்கத்தில் பத்து ஒயர்கள். அவற்றைச் செருகி எழுத்துகளை இணை இணையாக மாற்றலாம். அதற்கு மட்டும் சுமார் 150 லட்சம் கோடி வழிகள்! எல்லாவற்றையும் பெருக்கினால் 159 என்று எழுதி வலப்பக்கம் 18 பூஜ்யம் போட வேண்டும். நொடிக்கு ஒரு சாவி என்று போட்டுப் பார்த்தால் முடிக்க ஐந்து லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். ஜெர்மானியர்கள் நிம்மதியாகத் தூங்கியதில் வியப்பு உண்டா?

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பூட்டில் முதலில் கை வைத்தது டூரிங் அல்ல. போலந்து நாட்டின் மூன்று இளம் கணித வல்லுநர்கள் மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்சி ரோசிட்ஸ்கி, ஹென்றிக் சிகால்ஸ்கி. ரெயெவ்ஸ்கி 1932-ஆம் ஆண்டு இறுதியிலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். செய்தியின் தொடக்கத்தில், பிழை வராமல் இருக்க, மூன்று எழுத்துகளை இரண்டு முறை தட்டும் வழக்கம் ஜெர்மானியரிடம் இருந்தது. அந்த இரட்டிப்புதான் ரெயெவ்ஸ்கிக்குக் கிடைத்த நூல் நுனி. போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூலையில், வார்சா நகருக்கு அருகே ஒரு காட்டில் வைத்துத் தங்கள் ரகசியம் முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போலந்துக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். பல கதைகளில் இவர்கள் பெயரே வருவதில்லை. நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டூரிங்கின் முறை. எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். அவர் பூட்டை விட்டுவிட்டுப் பூட்டியவரைக் கவனித்தார். பூட்டு எஃகாக இருக்கலாம். பூட்டியவர் சாவியை வாசல் நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போகும் ஆளாக இருந்தால்?

ஜெர்மன் சிப்பாய்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஏதாவது மூன்று எழுத்தை நினைத்த மாதிரி மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. குளிரில், களைப்பில், குண்டுச் சத்தத்தில் இருப்பவன் என்ன செய்வான்? ஏ, ஏ, ஏ என்று வைத்தான் ஒருவன். விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை வரிசையாகத் தட்டினான் இன்னொருவன். காதலியின் பெயரை வைத்தவர்களும் உண்டு. பெர்லின் என்ற ஆறு எழுத்துப் பெயரை இரண்டாக வெட்டி, முதல் பாதியை வெளிப்படையாக அனுப்பி, அடுத்த பாதியை ரகசியமாக வைத்தவர்களும் உண்டு. பெர் என்று வந்தால் மிச்சம் லின் என்று ஊகிக்கப் பெரிய மேதை வேண்டுமா? ஹிட்லர் பெயரையும் இப்படியே இரண்டாக்கி வைத்தார்கள்!

செய்திகளிலும் பழக்கதோஷம். தினமும் அதே நேரத்தில் வானிலை அறிக்கை. அதில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று அன்றாடம் ஒரே வாக்கியத்தை அனுப்பும் காவல் நிலையங்களும் இருந்தன. எனிக்மாவிலும் ஒரு குறை. எந்த எழுத்தும் தானாகவே வராது. ஏ தட்டினால் விளக்கில் ஏ மட்டும் எரியவே எரியாது. இந்தச் சின்ன ஓட்டை போதும். வானிலை என்ற சொல்லைக் காகிதப் பட்டையில் எழுதி, ரகசியச் செய்தியின் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து ஓர் இடத்தில் வந்துவிட்டாலும், அந்த இடத்தில் அந்தச் சொல் இல்லை என்று அர்த்தம். இப்படித் தள்ளத் தள்ள, சொல் இருக்கக்கூடிய இடங்கள் சிலதான் மிஞ்சும்.

அதற்குப் பிறகு வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார் டூரிங். சுடோகு போடுவீர்கள் அல்லவா? ஒரு கட்டத்தில் 5 என்று வைத்துப் பார்க்கிறீர்கள். நான்கு கட்டம் தாண்டி முரண்பாடு வந்தால் 5 தவறு. அதோடு அதனால் வந்த எல்லாமே தவறு. ஒரே அடியில் அத்தனையையும் அழித்துவிடலாம். டூரிங் வடிவமைத்த பாம்ப் என்ற இயந்திரம் செய்தது இதுதான். சுமார் ஒரு டன் எடை. சுழலும் உருளைகள் கடகடவென்று ஓடி, முரண்படும் நிலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, முரண்படாத நிலை வந்ததும் நின்றுவிடும். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற நண்பர் சொன்ன ஒரு திருத்தம் அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது. போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட பாம்ப் இயந்திரங்கள் ஓடின. அவற்றை இரவு பகலாக இயக்கியவர்களில் பெரும்பாலோர் கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள்.

பிரிட்டன் ஒரு தீவு. உணவு, பெட்ரோல், இரும்பு என்று எல்லாமே அட்லாண்டிக் கடல் வழியாகக் கப்பலில் வர வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் கூட்டமாக வேட்டையாடின. அவற்றுக்கு உத்தரவு போனது எனிக்மாவில்தான். ஆனால் கடற்படைக்காரர்கள் ராணுவத்தைப் போல அசட்டை செய்வதில்லை. அவர்கள் சாவியைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்காமல், குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைத்தார்கள். அதை உடைக்க முடியாது என்றே பலரும் கைவிட்டிருந்தார்கள். வேறு யாரும் தொடவில்லை, எனவே தொந்தரவில்லாமல் செய்யலாம் என்றுதான் டூரிங் அதை எடுத்துக்கொண்டார்! எட்டாம் எண் கொட்டகை அவர் பொறுப்பு. பிடிபட்ட ஜெர்மன் கப்பல்களிலிருந்து கிடைத்த புத்தகங்களும் சேர, 1941-ல் கடற்படைச் செய்திகளை உடனுக்குடன் படிக்கத் தொடங்கினார்கள். நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்ததும் சரக்குக் கப்பல்கள் வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டன.

ஆனால் போதிய ஆள் இல்லை, இயந்திரம் இல்லை. மேலதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று நண்பர்களும் நேரே பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதிவிட்டார்கள். சர்ச்சில் கோபித்துக்கொள்ளவில்லை. இவர்கள் கேட்டது அனைத்தையும் முதல் வேலையாகக் கொடுக்கும்படி அன்றே உத்தரவிட்டார்.

1942 பிப்ரவரியில் ஜெர்மானியர் நீர்மூழ்கி எனிக்மாவில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தார்கள். ஒரே இரவில் எல்லாம் இருண்டுபோனது. பத்து மாதம் எதையும் படிக்க முடியவில்லை. கப்பல்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, மத்தியதரைக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கப்பட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் கப்பலிலிருந்து டோனி ஃபேசன், காலின் கிரேசியர் என்ற இரண்டு பேர் அதற்குள் இறங்கினார்கள். கூடப் போனவன் டாமி பிரவுன். கப்பல் கேன்டீனில் வேலை பார்த்த 16 வயதுப் பையன். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்! உள்ளே இருந்த குறியீட்டுப் புத்தகங்களை அவர்கள் எடுத்துக் கொடுக்க, டாமி ஏணியில் ஏறி ஏறி மேலே சேர்த்தான். திடீரென்று நீர்மூழ்கி அமிழ்ந்தது. டாமி தப்பினான். மற்ற இருவரும் வெளியே வரவில்லை. அந்தப் புத்தகங்களின் துணையோடு டிசம்பரில் பிளெட்ச்லியில் மறுபடியும் படிக்கத் தொடங்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் டூரிங் வேடிக்கையான மனிதர். ஜூன் மாதம் மகரந்தத்தால் தும்மல் வரும் என்பதற்காக முகத்தில் விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். அந்தச் சைக்கிளில் இத்தனை சுற்றுக்கு ஒருமுறை செயின் கழன்றுவிடும் என்று எண்ணி வைத்திருந்தார். கழலும் முன் இறங்கிச் சரிசெய்வார். தேநீர்க் குவளையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார். ஹிட்லர் படையெடுத்து வந்தால் வங்கிப் பணம் போய்விடும் என்று பயந்து, 1940-ல் இரண்டு வெள்ளிக் கட்டிகளை வாங்கிக் கிராமப்புறத்தில் புதைத்தார். இடத்தைப் பற்றிய குறிப்பையும் ரகசிய எழுத்தில் எழுதி வைத்தார். போர் முடிந்த பிறகு கருவியோடு பல முறை போய்த் தேடினார். கிடைக்கவே இல்லை! பாஸ்வேர்டை மறந்துவிட்டு விழிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை யார்?

போர்க் காலத்தின் கடைசியில், பூட்டைத் திறந்தவரே ஒரு பூட்டும் செய்தார். தொலைபேசிப் பேச்சை வழியில் யார் கேட்டாலும் வெறும் இரைச்சலாகக் கேட்கும்படி செய்யும் கருவி. டிலைலா என்று பெயர். வேலை செய்தது, ஆனால் போர் முடிந்துவிட்டதால் யாரும் பயன்படுத்தவில்லை. இன்று செல்போனில் நாம் பேசும் பேச்சு இப்படி மறைக்கப்பட்டுத்தான் காற்றில் போகிறது.

போருக்குப் பின் கம்ப்யூட்டரை நிஜமாகவே உருவாக்கும் வேலையில் இறங்கினார். முதலில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு வடிவமைப்பு. 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். நீண்ட தூரம் ஓடுவதிலும் மன்னன். 1947-ல் ஒரு மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்கும் இவருக்கும் வித்தியாசம் சுமார் 11 நிமிடம்தான். சதுரங்கம் ஆடும் கட்டளைகளையும் எழுதினார். அதை ஓட்டும் திறனுள்ள கம்ப்யூட்டர் அன்று இல்லை. ஆகவே தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் எடுத்து ஆடினார். தோற்றார் என்பது வேறு விஷயம்.

1950-ஆம் ஆண்டு, இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று ஒரு கட்டுரை எழுதினார். மறைவில் இருந்து எழுத்தில் பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று கேட்பவரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள் என்றார். இன்று செயற்கை நுண்ணறிவுப் பெட்டியிடம் வீட்டுப்பாடம் கேட்கிறீர்களே, அதைச் செய்தவர்களில் பலரும் படித்த கட்டுரை அது.

1952-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், தான் ஓர் ஆணை நேசிப்பதை மறைக்காமல் சொன்னார். அது இப்போது பிரிட்டனில் குற்றமில்லை, அன்று குற்றம். திருடு கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பிளெட்ச்லி நண்பர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். ஆனால் போரில் டூரிங் என்ன செய்தார் என்பதை அந்த மன்றத்தில் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. டூரிங்கும் சொல்லவில்லை. சிறையா, அல்லது ஓராண்டு காலம் உடலைக் கெடுக்கும் ஹார்மோன் மருந்தா என்று கேட்டது நீதிமன்றம். மருந்தை ஏற்றுக்கொண்டார். அரசின் ரகசியப் பணிகளில் இனி சேரக் கூடாது என்றும் கதவை அடைத்துவிட்டார்கள். நாட்டின் பெரிய ரகசியத்தைக் கடைசிவரை வாய் திறக்காமல் காத்த மனிதரை நம்ப முடியாதவர் என்றார்கள். இது அநியாயம். வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

அப்போதும் அவர் வேலையை நிறுத்தவில்லை. சிறுத்தைக்குப் புள்ளி எப்படி வருகிறது, வரிக்குதிரைக்குக் கோடு எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பும் ஓர் இயந்திரம் என்று பத்து வயதில் படித்தது நினைவிருக்கிறதா? 1954 ஜூன் 7-ஆம் தேதி, உடலில் நஞ்சு கலந்து வீட்டில் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வீட்டில் அவர் செய்துவந்த வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே அம்மா கடைசிவரை நம்பினார்.

அந்த அம்மா, போத்தனூரில் பிறந்த சாரா, 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லியில் மகன் செய்தது என்ன என்பது மட்டும் அதில் இல்லை. அது அவருக்கே தெரியாது! 1974-ல்தான் அந்த ரகசியம் புத்தகமாக வெளிவந்தது. 1976-ல் அவர் காலமானார்.

கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு 1966 முதல் டூரிங் விருது என்று பெயர். 1994-ல் அதைப் பெற்றவர்களில் ஒருவர், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி. 2009-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி எலிசபெத் அவருடைய தண்டனையை மன்னித்தார். 2021 ஜூன் 23-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளியானது. அந்த நோட்டில் ஒரு காகிதப் பட்டை வரைந்திருக்கிறார்கள். அதில் 1010111111110010110011000 என்று இருக்கிறது. இரும எண்ணில் உள்ள அதை நம் வழக்கமான எண்ணாக மாற்றினால் ஒரு தேதி கிடைக்கும். வலது கோடியிலிருந்து 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், 1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். எந்தத் தேதி என்று விடை வந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.